மறுபடி கேட்டால்

நிலை மையத்திலிருந்து செய்தி வந்தபோது கௌசல்யா உடுமலை பஸ் டிப்போவில் பழனி வண்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநருக்கு எப்போது ஓய்வு என்று அட்டவணை போடுவது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. பாதி வண்டிகள் பழுதாகி நின்றாலும் மீதியை வைத்து ஊரை ஓட்டிவிடுவாள்.

"உங்கள் மகள் மிருதுளா, வயது ஏழு, இன்னும் முதற்படியிலேயே இருக்கிறாள். திங்கட்கிழமை காலை ஏற்றத்துக்கு அழைத்து வரவும். வாழ்த்துகள்" என்றது கைபேசி.

மற்றதெல்லாம் போகட்டும், அந்த வாழ்த்தைக் கேட்டுத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படிநிலைச் சட்டம் தெரியாதவர்கள் இன்றைக்கு யாரும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடலாம். குழந்தையின் மனசு ஒரேயடியாக வளர்வதில்லை, படிப்படியாக ஏறுகிறது என்று நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு வெளிநாட்டு அறிஞர் தன் சொந்தப் பிள்ளைகளையே உட்காரவைத்துப் பார்த்து எழுதினார். சின்ன வயசில் கண்ணுக்கு உயரமாகத் தெரிவதுதான் அதிகம். அகலமான பாத்திரத்துத் தண்ணீரை உயரமான டம்ளரில் ஊற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்று குழந்தை சொல்லும். கல் பிஸ்கட்டாகும், நிலா நம் பின்னாலேயே வரும். ஏழு வயசு வாக்கில் அடுத்த படி. எதில் ஊற்றினாலும் தண்ணீர் அதே தண்ணீர்தான் என்று அப்போது புரிந்துவிடும். பாவம், அந்த மனுஷர் எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். பின்னால் வந்தவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. ஏழு வயசாகியும் ஏறாத பிள்ளைகளைத் தூக்கி மேலே வைத்தால் என்ன என்று ஒரு பட்டையைக் கண்டுபிடித்தார்கள். நெற்றியில் கட்டி, தினம் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால், ஆறே வாரத்தில் பிள்ளை அடுத்த படிக்கு வந்துவிடும். அதற்கு ஏற்றம் என்று பெயர். பள்ளியில் வைக்கிற தண்ணீர்த் தேர்வில் தேறாத பிள்ளைக்கு, ஏற்றம் இல்லாமல் மூன்றாம் வகுப்புக் கதவு திறக்காது.

கௌசல்யா ஏற்றம் கண்டவள். அதுவும் இந்தப் பக்கத்தில் முதல் தொகுதி. நிலை மையத்து வரவேற்பறையில், நெற்றிப் பட்டையோடு வரிசையாக நிற்கும் குழந்தைகளின் படம் ஒன்று இன்னமும் மாட்டியிருக்கிறது. இடது ஓரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பவள் அவள்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பொடக்காளியில், அதாவது வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில், விருந்து நடந்துகொண்டிருந்தது. மிருதுளா தேங்காய்ச் சிரட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். கணவன் லோகநாதன், நாள் முழுக்க மோட்டார் பம்பு பழுது பார்த்த கையோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்து காற்றை மென்றுகொண்டிருந்தான். அவர்களுக்கு எதிரே காலியாக ஒரு பலகை. அதில் பொடக்காளி மாமா உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் குடியிருக்கிற மாமா. மீசை பெரிது, பசியும் பெரிது. மிருதுளாவைத் தவிர யாரும் பார்த்ததில்லை. ஆனால் லோகநாதன் அவரோடு அரசியல்கூடப் பேசுவான்.

கௌசல்யாவை யாரும் விருந்துக்குக் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் கூப்பிடுவாள் மிருதுளா. ஒரு தடவை கல்லை எடுத்துக் கையில் வைத்து, "இட்லிம்மா, சூடா இருக்குது, ஊதிச் சாப்பிடு" என்றாள். கௌசல்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கல்லு கண்ணு" என்று சொல்லிவிட்டாள். அவள் வம்புக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அது கல்லாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு குழந்தை தரவில்லை. அந்த இட்லிக்காக அவள் தனியாக அழுதது யாருக்கும் தெரியாது.

செய்தியைக் கேட்டதும் லோகநாதன் தலையைச் சொறிந்தான். அவன் மலையோர ஊர்க்காரன். அவனுடைய காலத்தில் அங்கே பட்டை எட்டிப் பார்க்கவில்லை.

"வெசனப்படாத கௌசி. ஆறு வாரம்தான? இப்ப நீ இல்லையா, நல்லாத்தான இருக்கறே?"

"நான் நல்லா இருக்கறேன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"போன வாரம் நீங்க ரெண்டு பேரும் கட்டிலக் கவுத்துப் போட்டு கப்பல் ஓட்டுனீங்க. அலை அடிக்குது, சுறா வருதுன்னு அவ கத்தறா. நானும் எட்டி எட்டிப் பாத்தேன். கட்டிலுதான் கெடந்துது."

"உனக்கு விளையாட நேரமில்லைன்னுல்ல நான் நெனச்சேன்."

"நேரமெல்லாம் இருக்குதுங்க. உள்ள போற வழிதான் தெரியல. நீங்க ரெண்டு பேரும் ஒரு ஊட்டுக்குள்ள இருக்கீங்க, நான் வெளிய நிக்கறேன். திங்கக்கெழமை அவளையும் வெளிய தள்ளி என்கூட நிக்க வெக்கறாங்களாமா. நான் உடமாட்டேன்."

லோகநாதன் அதிகம் பேசத் தெரியாதவன். "அப்ப உடவேண்டாம்" என்றான். அவனுடைய சம்மதம் எப்போதும் இவ்வளவுதான்.

விடமாட்டேன் என்று சொல்வது லேசு. சட்டம் ஒரே ஒரு வாசலைத்தான் வைத்திருந்தது. பெற்றோர் ஒரு தடவை நிலை அலுவலரிடம் முறையிடலாம். முறையீட்டில் ஜெயித்தவர்கள் யாரையும் கௌசல்யாவுக்குத் தெரியாது. அலுவலரிடம் போய் என்ன சொல்வது? கட்டில் கப்பலாகத் தெரியவில்லை என்றா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பொடக்காளியில் குரல் கேட்டது. மிருதுளா தேர்வு நடத்திக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டவர் பொடக்காளி மாமா. அகலமாக ஒரு வட்டா, ஒரு உயர டம்ளர், ஒரு சொம்புத் தண்ணீர்.

"பாருங்க மாமா. இதுல இருக்கற தண்ணிய இதுல ஊத்தறேன். இப்ப எதுல ஜாஸ்தி?"

மாமா ஏதோ சொன்னார் போலிருக்கிறது.

"சமம். செரி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எதுல ஜாஸ்தி?"

மிருதுளா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மறுபடியும் சமம்னு சொன்னா எப்படி மாமா? ஒருக்கா கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லோணும். மறுபடி கேட்டா மாத்திச் சொல்லோணும். இல்லீன்னா கேக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்குமில்ல?"

கௌசல்யா கொடியில் போட்டுக்கொண்டிருந்த ஈரச் சேலை நழுவித் தரையில் விழுந்தது.

எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. விருந்தாடப் போன வீட்டில் "சாப்பிடறீங்களா?" என்று கேட்டதும் தட்டை நீட்டுகிறவனை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். முதலில் "வேண்டாமுங்க, இப்பத்தான் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் "சரிங்க, கொஞ்சமா" என்று உட்கார்ந்துவிட வேண்டும். மறுபடி கேட்டும் முறுக்கிக்கொள்கிறவனைப் பற்றிச் சொல்வது இன்னும் மோசம். பெரியவர்கள் ஒன்றை இரண்டு தடவை கேட்கிறார்கள் என்றால், முதல் பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று இங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது.

"மிருது, அன்னைக்கு அந்த ஸ்கூல் மெஷின்ல கேட்டாங்களே, அப்ப நீ என்ன கண்ணு சொன்னே?"

"சமம்னுதாம்மா சொன்னேன். அதே தண்ணிதான, வேற தண்ணியா?" மிருதுளா அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்புறம் அந்த அக்கா மறுபடி கேட்டாங்க. அவங்களுக்கு உசர டம்ளருதான் புடிச்சிருக்குதாட்ட இருக்குது. பாவம், போச்சாது, போகட்டும்னு அதையே சொல்லிட்டேன்."

கௌசல்யா கீழே விழுந்த சேலையை எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை நிலை மையத்தின் நீள நடைபாதை முழுக்கப் பெற்றோரும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு நீலக் கதவு. அதற்குள்தான் பட்டை கட்டுவார்கள். லோகநாதனையும் மிருதுளாவையும் அங்கே உட்காரவைத்துவிட்டு கௌசல்யா அலுவலர் அறைக்குள் போனாள்.

நிலை அலுவலர் ஜெபமணி மோசமானவர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மேஜையில் குழந்தைகளுக்கென்று மிட்டாய் வைத்திருப்பார், பிள்ளைகள் பேரெல்லாம் தெரியும். ஏற்றத்தை அவர் மனசார நம்பினார். அதுதான் தொந்தரவே.

"நீங்க முதல் தொகுதி இல்லையா கௌசல்யா? படத்துல பாத்திருக்கேன். நீங்க முறையீடு பண்ணலாமா? உங்களைக் காட்டித்தான் நான் மத்தவங்களுக்குத் தைரியம் சொல்றேன்."

"அதனாலதானுங்க மேடம் வந்தேன். மத்தவங்களுக்கு இது கேள்விப்பட்ட சமாச்சாரம். எனக்கு நடந்தது."

"நடந்ததுல என்ன குறை? நல்ல வேலை, நல்ல பேரு."

"என் மக கல்லைக் குடுத்து இட்லின்னா, எனக்குக் கல்லுதான் தெரியுதுங்க. அது ஏனுங்க?"

ஜெபமணி நாற்காலியில் சாய்ந்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை போலிருந்தது. "மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பாசாங்கு விளையாட்டுக்குப் போற சக்தியைப் பட்டை நிறுத்திடுது. அதைத் தர்க்கத்துப் பக்கம் திருப்பி விடுது. எப்படியும் வளந்தா தானா குறையறதுதானே? நாம கொஞ்சம் முன்னாடியே செய்யறோம். பின்தங்கிப் போறதைவிட இது மேல்."

"தானா குறையறதும் நீங்க மூடறதும் ஒண்ணுங்களா? எங்க ஊட்டுக்காரருக்கு நாப்பது வயசு. இன்னமும் கப்பல் ஓட்டறாரு. போகட்டும். அந்த அறிஞர் படியைப் பத்திச் சொன்னாரே தவிர, பிள்ளையப் புடிச்சுத் தள்ளச் சொன்னாருங்களா?"

"ஏறாத பிள்ளைகளை என்ன பண்றது?"

"ஏறலைன்னு யாருங்க சொன்னது?"

"தேர்வு சொல்லுது."

"அந்தத் தேர்வப் போட்டுக் காட்டுங்க. குரலோட."

ஜெபமணிக்கு அது விசித்திரமாக இருந்தது. முடிவு மட்டும்தான் திரைக்கு வரும். பதிவை உட்கார்ந்து கேட்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. ஆனாலும் போட்டார்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம். இயந்திரத்தின் குரல், இனிமையான ஒரு அக்காவின் குரல், கேட்டது: "எதில் தண்ணீர் அதிகம்?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா" என்றாள் மிருதுளா, படபடவென்று.

"நன்றாக யோசித்துச் சொல். எதில் தண்ணீர் அதிகம்?"

சின்ன இடைவெளி. பிறகு, தயங்கித் தயங்கி, "உசரமானதுலதானுங்க்கா."

கௌசல்யா மேஜைப் பக்கம் குனிந்தாள்.

"எதுக்குங்க ரெண்டு தடவை கேக்குது?"

"முதல் பதில் குருட்டாம்போக்குல வந்திருக்கலாம். ரெண்டாவதுதான் யோசிச்சுச் சொல்றது. அதைத்தான் கணக்குல எடுக்கும். இதை உருவாக்கின இடத்துல அப்படித்தான் சரிபாத்தாங்க."

"உருவாக்கின இடத்துல பெரியவங்க மறுபடி கேட்டா பிள்ளைங்க என்ன பண்ணும்னு தெரியலைங்க. எங்க ஊர்ல மாத்திச் சொல்லும். மேடம், உங்களுக்குக் காபி வேணுமான்னு நான் கேட்டா முதல்ல என்ன சொல்வீங்க?"

ஜெபமணி நாகர்கோவில் பக்கம் பிறந்தவர்தான் என்றாலும் அவருக்கும் தெரியாத சங்கதியா அது. அவர் இன்னொரு பதிவைப் போட்டார். சமம், பிறகு உயரம். இன்னொன்று. சமம், பிறகு உயரம். ஒரு பையன் இரண்டாம் தடவை கேட்டதும், "நீங்க எதைச் சொல்றீங்களோ அதுங்க" என்றே சொல்லியிருந்தான்.

"இந்தப் பக்கத்துல மட்டும் ஏன் இத்தனை பிள்ளைகள் முதற்படியில நிக்குதுன்னு மேலிடத்துல ரொம்ப நாளா குழப்பம்" என்றார் ஜெபமணி மெதுவாக. "குடிதண்ணியை எடுத்துச் சோதனைக்குக்கூட அனுப்பினாங்க."

வேறு நாளாக இருந்தால் கௌசல்யா சிரித்திருப்பாள்.

"மிருதுளா தேர்ச்சின்னு இப்பவே மாத்திடறேன். அந்த அதிகாரம் எனக்கு இருக்கு. நீங்க குழந்தையைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க."

வந்த காரியம் முடிந்துவிட்டது. எழுந்து போய்விடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அப்படித் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கால் நகரவில்லை.

"வெளிய உக்காந்திருக்கற பிள்ளைங்க?"

"நான் மேலே எழுதறேன். பரிசீலனை பண்ணுவாங்க. எப்படியும் ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஏற்றத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப இன்னைக்கும் கட்டுவீங்க."

"கட்டித்தான் ஆகணும்."

கௌசல்யா தனக்கே எதற்கென்று தெரியாமல், "என்னோட பதிவு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

இருந்தது. தேடி எடுக்கக் கொஞ்சம் நேரமானது. போடும்முன் ஜெபமணி அவளை ஒரு தடவை பார்த்தார், போடட்டுமா என்பதுபோல. கௌசல்யா தலையசைத்தாள்.

கரகரவென்ற பழைய ஒலி. அதே அக்கா குரல். அதற்குப் பதில் சொன்ன குரல் மிருதுளாவுடையது என்றே முதலில் நினைத்தாள்.

"சமமுங்க்கா."

"நன்றாக யோசித்துச் சொல். எதில் தண்ணீர் அதிகம்?"

"அப்ப உசரத்துலைங்க்கா."

அவ்வளவுதான் என்று ஜெபமணி நிறுத்தப் போனார். அதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், வாசலிலிருந்து திரும்பி வந்ததுபோல, கிட்டத்தில் பேசியது.

"அக்கா, அந்தத் தண்ணியக் கீழ ஊத்திராதீங்க. வெளிய என் யானை நிக்குது. காலையில இருந்து தண்ணி குடிக்கல. அதுக்குக் குடுத்துட்டுப் போறேன்."

"தேர்வு முடிந்தது" என்றது இயந்திரம்.

கௌசல்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த யானைங்க?" என்றாள்.

அவள் தேடிப் பார்த்தாள். ஏழு வயசு வீடு ஞாபகம் இருந்தது, பள்ளிக்கூடத்து மணி ஞாபகம் இருந்தது, பட்டையின் ரப்பர் வாசம்கூட ஞாபகம் இருந்தது. யானை மட்டும் எங்கேயும் இல்லை. அதன் பெயர் என்ன, எங்கே படுக்கும், அன்றைக்குத் தண்ணீர் குடித்ததா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. இருந்தது என்பதே இப்போது ஒரு இயந்திரம் சொல்லித்தான் தெரிகிறது. அவளுக்குக் கோபம் ஏறியது.

"அதத் திருப்பிக் குடுங்க."

"எதை?"

"என் யானைய."

ஜெபமணி கண்ணாடியைக் கழற்றினார். "அது முடியாது கௌசல்யா. மூடினது மூடினதுதான்."

"நான் சரியாத்தான சொன்னேன்? ஏறித்தான நின்னேன்? ஏறி நின்ன பிள்ளையப் புடிச்சு, மரியாத தெரிஞ்சவளா இருந்ததுக்காக, உள்ள இருந்தத எடுத்துட்டீங்க. திருப்பித் தர முடியாதுன்னா இனி ஒருத்தர்கிட்ட இருந்தும் எடுக்கக்கூடாது."

"எனக்கு அதிகாரம்..."

"எனக்கும் இல்லைங்க" என்று கௌசல்யா எழுந்தாள்.

நடைபாதையில் அவள் கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசினாள். டிப்போவில் ஓட்டுநர்களை மேய்க்கிற குரல், கட்டட வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். சுற்றி வளைக்கவில்லை. "உங்க பிள்ளைங்களக் கேளுங்க. மெஷின் மொதல் தடவ கேட்டப்ப என்ன சொன்னேன்னு கேளுங்க. ஒரே ஒருக்காத்தான் கேக்கோணும், மறுபடி கேக்கப்படாது."

பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நடைபாதை முழுக்க முணுமுணுவென்று கேள்வி எழுந்தது. அப்புறம் பிள்ளைகளின் குரல்கள். சமம், ரெண்டும் ஒண்ணுதான், சமம்னுதாம்ப்பா சொன்னேன். நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்திருந்த ஒரு அப்பா, மகனின் வாயைப் பார்த்துக்கொண்டே, "அட கொடுமையே" என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்த அம்மா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நெசந்தான் அம்மிணி. ஆனா பட்டை கட்டலைன்னா மூணாவதுல சேத்துக்க மாட்டாங்களே?" என்றார் விபூதிக்காரர்.

"ஒரு பிள்ளையன்னா சேத்தாம உடலாமுங்க. ஊர்ப் பிள்ளைக அத்தனையும் வெளிய நின்னா, உள்ள பெஞ்சுக்கா பாடம் நடத்துவாங்க?"

கௌசல்யா நடந்துபோய் நீலக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். லோகநாதன் ஒரு வார்த்தை கேட்காமல் வந்து பக்கத்தில் சம்மணம் போட்டான். மடியிலிருந்த மகளோடு அந்த அம்மா எழுந்து வந்தாள். விபூதிக்காரர் வந்தார். பிறகு யார் யார் வந்தார்கள் என்று பார்க்க முடியாதபடி இடம் நெருக்கிவிட்டது.

ஜெபமணி அறையிலிருந்து வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"எந்திரிங்க கௌசல்யா. இப்படி எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க?"

"என் யானை வரட்டுமுங்க. வந்ததும் எந்திரிச்சுக்கறேன்."

அதைச் சொன்னபோது அவள் கண்ணுக்கு யானை தெரியவில்லை. தும்பிக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. இருந்தாலும் சொன்னாள், பிடிவாதமாக.

மிருதுளா அம்மாவின் முகத்தை வியப்போடு பார்த்தாள். "எவ்ளோ பெருசும்மா?"

"எனக்குத் தெரியல கண்ணு. நீ சொல்லு."

மிருதுளா நடைபாதையின் அந்தக் கோடியைப் பார்த்து, கூரையைப் பார்த்து, மனசுக்குள் அளந்தாள். பிறகு உட்கார்ந்திருந்தவர்களிடம் கையை வீசி, "எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அது வர்றதுக்கு வழி வேணுமில்ல?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுவில் இடம் விட்டார்கள். அந்த இடத்தில் கால் வைக்க ஜெபமணியும் யோசித்தார்.